சுவரில் மாட்டிய கடவுச்சொல்

அத்தியாயம் பதினான்கு

ஜூலை 18, வெள்ளிக்கிழமை காலை, தென்காசி சைபர் கிரைம் காவல் நிலையத்தில் ஜெஸி ஞானதுரை, வயது இருபத்தேழு, தனியார் மருத்துவமனைச் செவிலியர், தன் மின்னஞ்சலை முன்பின் தெரியாத யாரோ திறந்து, தன் பெயரில் ஒரு கடிதம் அனுப்பிவிட்டதாக எழுத்து மூலம் புகார் கொடுத்தாள்.

புகாரை எழுதித் தந்தவன் அண்ணன் ஜோஷ்வா. 'முன்பின் தெரியாத' என்ற சொல் அவனுடையது.

நடந்தது இதுதான். இரண்டு வருடம் ஜெர்மன் மொழி படித்து, தேர்வில் தேறி, நேர்காணலிலும் தேறி, ஜெர்மனியில் ஒரு சிறு நகரத்து மருத்துவமனையின் பணி ஆணைக்காக ஜெஸி காத்திருந்தாள். செவ்வாய்க்கிழமை வார்டில் ஒரு நோயாளிக்கு டிரிப் மாற்றிக்கொண்டிருந்தபோது மெயில் வந்தது. அது பணி ஆணை இல்லை. 'தாங்கள் விலகிக்கொள்வதை வருத்தத்துடன் ஏற்கிறோம்' என்று எழுதியிருந்தார்கள்.

அவள் விலகவில்லை. அனுப்பியவை பெட்டியில் எதுவும் இல்லை. குப்பைப் பெட்டியும் காலி.

"ஹேக் பண்ணிட்டானுவ. வடக்க உள்ள பயலுவ வேலை" என்றான் ஜோஷ்வா. வீடு முழுக்க அதையே நம்பியது. அன்று ராத்திரி ஜெஸி அம்மாவின் மடியில் தலை வைத்து அழுதாள். ரத்தினம் அவள் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

ரத்தினம் ஆரம்பப் பள்ளியில் முப்பது வருடம் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். ஜெர்மன் வகுப்பு தொடங்கிய நாளிலிருந்து மாலைதோறும் கேள்வி அட்டைகளுடன் மகளுக்கு எதிரே உட்கார்ந்து பரீட்சை வைத்தவள் அவள்தான். 'ஃபிராவ் ரத்தினம்', ஜெர்மனில் திருமதி ரத்தினம், என்று ஜோஷ்வா கேலி செய்வான்.

அதெல்லாம் செவ்வாய்க்கிழமை வரை. இப்போது வெள்ளிக்கிழமை.

உதவி ஆய்வாளர் அனுசியா புகாரை ஒருமுறை படித்தார். முப்பது வயதுக்குமேல் இருக்கும். மேஜையில் ஒரு டிபன் பாக்ஸ், அதன்மேல் மூன்று செல்போன்கள்.

"பாஸ்வேர்ட் என்னம்மா வச்சிருந்தீங்க? பழசத்தான் கேக்கேன். கூச்சப்படாதீங்க, எப்படியும் மாத்தப் போறோம்லா."

ஜெஸி அண்ணனைப் பார்த்தாள்.

"வாக்குத்தத்த வசனம் மேடம்."

"அப்படின்னா?"

ஜோஷ்வா விளக்கினான். டிசம்பர் முப்பத்தொன்றாம் தேதி ராத்திரி ஆராதனை முடிந்ததும் சர்ச்சில் ஒரு தட்டில் அட்டைகள் வைத்திருப்பார்கள். குடும்பத்துக்கு ஒன்று எடுக்க வேண்டும். அதில் உள்ள வசனம்தான் அந்த வருடம் முழுக்க அந்த வீட்டுக்கான வாக்குறுதி. அவர்கள் வீட்டில் எடுப்பவள் அம்மா. அந்த வசனம் உள்ள வேதாகமப் புத்தகத்தின் பெயரோடு அதிகார எண்ணையும் வசன எண்ணையும் சேர்த்து எழுதினால் அதுதான் பாஸ்வேர்ட். மெயில், பேங்க், வைஃபை, எல்லாவற்றுக்கும் அதுவே. அந்த வருடம் முழுக்க எல்லாவற்றின் மேலும் அது காவலாக இருக்கட்டும் என்பது ரத்தினத்தின் எண்ணம்.

"வருஷா வருஷம் ஜனவரியில மாத்திருவோம் மேடம்" என்றான் கொஞ்சம் பெருமையாகவே.

"நல்லது. அந்த அட்டை இப்ப எங்க இருக்கு?"

"ஹால்ல. டிவிக்கு மேல."

"ஹாலுக்கு யாரெல்லாம் வருவாங்க?"

"எல்லாரும் வருவாங்க."

"சுவத்துல மட்டுந்தானா, வேற எங்கயும் இருக்கா?"

ஜெஸி தலையைக் குனிந்துகொண்டாள். "அம்மா புது வருஷத்தன்னைக்கு ஃபிரேம் போட்டு, லைட் மாட்டி, வாட்ஸப் ஸ்டேட்டஸ்ல போடுவாங்க."

அனுசியா பேனாவைக் கீழே வைத்தார்.

"எங்கப்பாவுக்கு ஸ்கூட்டர் நம்பர். இங்க உள்ள ஒரு ஏட்டையாவுக்குக் குலசாமி பேரும் ஒண்ணு ரெண்டு மூணும். நானும் எவ்வளவோ பாத்துட்டேன். பாஸ்வேர்டுக்கு ஃபிரேம் போட்டு லைட் மாட்டினவங்கள இன்னைக்குத்தான் பாக்கேன்."

"லைட் கிறிஸ்மஸுக்கு மட்டுந்தான் மேடம்" என்றான் ஜோஷ்வா.

ஜெஸிகூடச் சிரித்துவிட்டாள். மூன்று நாளில் முதல் சிரிப்பு.

அனுசியா நாற்காலியை அவள் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டார். "இப்ப நான் சொல்லுதபடி வைங்க. ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லாத நாலு சொல்லு. நீளமா இருக்கட்டும். நீளமா இருந்தாலே பாதிப் பேரு ஓடிருவான். சாமி பேரு, பிள்ளை பேரு, பிறந்த தேதி, வசனம் எதுவும் வேண்டாம். மெயிலுக்கு ஒண்ணு, பேங்குக்கு வேற ஒண்ணு. ஒரே சாவிய எல்லாப் பூட்டுக்கும் போட்டா ஒருத்தன் ஒரு பூட்டத் தொறந்தா போதும்லா. யார்ட்டயும் சொல்லாதீங்க. என்ட்டயும், உங்க அண்ணன்ட்டயும்."

ஜெஸி போனை மார்போடு அணைத்து வைத்துக்கொண்டு அடித்தாள்.

"அடுத்தது ரெண்டாவது பூட்டு. பாஸ்வேர்டுக்கு அப்புறம் போனுக்கு ஒரு கோடு நம்பர் வரும், அதையும் போட்டாத்தான் தொறக்கும். இதுல எந்த நம்பர் குடுத்திருக்கீங்க?"

"அம்மா நம்பர். நர்சிங் காலேஜ்ல சேரும்போது தொறந்த மெயில். அப்ப எனக்குன்னு போன் கிடையாது."

"அப்ப கோடு அம்மாவுக்குத்தான் போவும். வீட்டுக்குப் போனதும் அத எடுத்துட்டு உங்க நம்பரப் போடுங்க. சரி, இப்ப எந்தெந்த மிஷின்ல உங்க மெயில் தொறந்திருக்குன்னு பாப்போம். ஊர் பேர நம்பாதீங்க, குற்றாலத்துல இருந்து தொறந்தாலும் மதுரைன்னு காட்டும். மிஷின் பேர மட்டும் பாருங்க."

திரையில் இரண்டு பெயர்கள் வந்தன. ஒன்று ஜெஸியின் போன்.

மற்றது 'பெத்தேல் ரிசப்ஷன்'. ஜூலை 10, வியாழன், பிற்பகல்.

"பெத்தேல்னா?"

ஜோஷ்வா திரையிலிருந்து பார்வையை எடுத்தான்.

"லாட்ஜ் மேடம்" என்றாள் ஜெஸி. "ஐந்தருவி ரோட்டுல. மார்ச் மாசம் சர்ட்டிபிகேட் பிரிண்ட் எடுக்க அந்த டேப்லெட்லதான் மெயில் தொறந்தேன். வெளியேறிட்டேன்னு நெனச்சேன்."

"வெளியேறித்தான் இருப்பீங்க. ஆனா அது உங்களுக்குப் பழக்கப்பட்ட மிஷின்னு மெயிலுக்கு ஞாபகம் இருக்கும். அதான் புது ஆளு நுழையுதான்னு உங்களுக்குத் தகவல் வரல. பாஸ்வேர்ட மட்டும் கேட்டிருக்கும். போட்டிருக்காங்க." அனுசியா நிமிர்ந்தார். "லாட்ஜ் யாருது?"

"என்னுதுதான்" என்றான் ஜோஷ்வா.

அனுசியா அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு புகாருக்கான ஒப்புகைச் சீட்டில் முத்திரை குத்தி ஜெஸியிடம் கொடுத்தார்.

"ஹேக்கர்னா ரஷ்யாவுலதான் இருக்கணும்னு இல்லம்மா. அந்த டேப்லெட்ட நாளைக்கு இங்க கொண்டாங்க. அன்னைக்கு யாரு கையில இருந்துச்சுன்னும் விசாரிச்சுட்டு வாங்க."

*

பைக்கில் அண்ணனின் பின்னால் உட்காரும்போதெல்லாம் அவன் தோளைப் பிடித்துக்கொள்வது ஜெஸியின் வழக்கம். இன்று கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒழுங்காப் பிடிச்சுக்கோட்டி. ரோடு வழுக்குது."

"பிடிச்சுட்டுத்தான் இருக்கேன்."

சாரல் விட்டுவிட்டுப் பெய்தது. குற்றாலத்தில் வண்டிகள் நகரவில்லை. தலையில் எண்ணெய் வழிய, தோளில் ஈரத்துண்டோடு ஆட்கள் நடுரோட்டில் நடந்தார்கள். பழக்கடைக்காரர்கள் ரம்புட்டான் பைகளைக் கார் கண்ணாடிக்குள் நீட்டினார்கள்.

லாட்ஜ் வாசலில் ஒரு குடும்பம் ஜோஷ்வாவுக்காகக் காத்திருந்தது.

"அண்ணாச்சி, ரூம்ல சுடுதண்ணி வருமா?"

"அருவியில குளிக்க வந்துட்டு ஹீட்டரக் கேக்கீங்களே அண்ணாச்சி. சாயங்காலம் ஏழு மணிக்கு வரும்."

சாவியைக் கொடுத்தான், ஆதார் நகலை வாங்கினான், சிரித்தான். ஜெஸி ரிசப்ஷன் மேஜையிலிருந்த டேப்லெட்டை எடுத்து அக்குளில் வைத்துக்கொண்டு, படுக்கை விரிப்புகள் அடுக்கி வைக்கும் அறைக்குப் போனாள். சற்று நேரத்தில் அவனும் வந்து கதவைச் சாத்தினான். சோப்புத்தூள் வாசனையும் காயாத துணியின் வாசனையும் கலந்து அடித்தன.

"சொல்லு."

"என்னத்தச் சொல்ல?"

"போன வியாழக்கிழமை மத்தியானம் இங்கன யாரு இருந்தா?"

ஜோஷ்வா ஒரு தலையணை உறையை எடுத்து மடித்தான். அது ஏற்கெனவே மடித்ததுதான்.

"நாந்தான் இருந்தேன்."

"நீயா அனுப்புன?"

"ஆமா."

தகரக் கூரையில் மழைச் சத்தம் கூடியது. ஜெஸி அடுக்கின்மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"ஃபீஸ் கட்டினது நீ. நேர்காணலன்னைக்கு லைன் விட்டுப் போயிரக்கூடாதுன்னு எல்லா ரூம் வைஃபையையும் நிப்பாட்டிட்டு, சண்டைக்கு வந்தவங்கட்ட எல்லாம் கும்பிட்டுக்கிட்டு நின்னது நீ. ஏண்ணே?"

"நீ போயிட்டா அம்மாவ யாரு பாப்பா? உன் மதினி ஜாய் பாப்பாளா? அவளும் அம்மாவும் ஒரு அடுப்புல நிக்க மாட்டாங்கன்னு உனக்குத் தெரியாதா?"

"என்ட்ட கேட்டிருக்கலாம்லா."

"கேட்டா போவேன்னுதான் சொல்லுவ." அவன் அவள் முகத்தைப் பார்க்காமலே பேசினான். "புகார வாபஸ் வாங்கிரு ஜெஸி. போலீஸ் லாட்ஜுக்கு வந்தா சீசன் நேரத்துல ஊரே பேசும். ஜெர்மனிக்காரங்கட்ட ஏதாவது சொல்லித் திரும்பக் கேட்டுப் பாரு."

"ஏதாவதுன்னா என்னத்த?"

அவன் பதில் சொல்லுமுன் அவள் போன் அதிர்ந்தது.

ஜெர்மனியில் அப்போது காலை பதினொரு மணி. மருத்துவமனையின் பணியாளர் பிரிவில் இருக்கும் கெல்லர் என்ற அம்மாள் எழுதியிருந்தார். ஜெஸி புதன்கிழமை கேட்டிருந்தபடி விலகல் கடிதத்தின் நகலை இணைத்திருக்கிறார். அந்தக் கடிதம் தங்களுக்கும் வியப்பாகத்தான் இருந்தது. அதை எழுதியது ஜெஸி இல்லையென்றால் காவல்துறையின் ஒப்புகையை இன்றே அனுப்ப வேண்டும். இந்திய நேரம் மாலை ஆறரைக்கு அலுவலகம் மூடப்படும். திங்கட்கிழமை அந்த இடம் அடுத்தவருக்குப் போய்விடும்.

ஜெஸி நகலைத் திறந்தாள். ஜெர்மனில் இருந்தது.

'மதிப்பிற்குரிய திருமதி கெல்லர். என் பெயர் ஜெஸி. எனக்கு இருபத்தைந்து வயது. நான் தென்காசியில் வசிக்கிறேன். எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் மலை இருக்கிறது. மலையில் அருவிகள் இருக்கின்றன. எனக்குச் சமைக்கவும் பாடவும் பிடிக்கும். எனக்கு ஓர் அண்ணன் இருக்கிறான். அப்பா இறந்துவிட்டார். நான் வரவில்லை, ஏனென்றால் எனக்கு வீடு பிடிக்கும். வேலைக்கு நன்றி.'

அவள் இரண்டாவது முறை படிக்கவில்லை. தேவைப்படவில்லை.

"அண்ணே, நீ இதுல என்ன எழுதுன?"

"வர முடியாதுன்னு."

"வேற?"

"டிரான்ஸ்லேட்ல போட்டுத்தான் அனுப்புனேன். அது என்ன எழுதிச்சுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"தமிழ்ல என்ன அடிச்ச? அதச் சொல்லு."

ஜோஷ்வா தலையணை உறையை அடுக்கில் வைத்தான். மறுபடி எடுத்தான்.

"மலை இருக்குன்னு அடிச்சியா? அருவி இருக்குன்னு? எனக்குச் சமைக்கப் பிடிக்கும்னு?"

"ஜெஸி..."

"வியாழக்கிழமை நீ எங்க இருந்த?"

உறையைக் கீழே போட்டுவிட்டுச் சொன்னான். "புளியங்குடியில. மாமா மண்டியில எலுமிச்சங்காய் லாரிக்கு ஆள் இல்லன்னு ஜாய் கூப்பிட்டா. பொழுது சாயத்தான் வந்தேன்."

"இங்கன யார உக்கார வச்சுட்டுப் போன?"

அவன் ஊரில் இல்லாத நாளெல்லாம் ரிசப்ஷனில் உட்காருபவள் யார் என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"காலைலதான். ஸ்டேஷன்ல அந்தப் பேரு வந்துச்சுல்லா, அப்ப."

"அங்க இருந்து இங்கன வரைக்கும் தெரிஞ்சுக்கிட்டேதான் வண்டி ஓட்டியிருக்க."

"அம்மா பேரப் போயி போலீஸ்ல சொல்லச் சொல்லுதியா என்னைய? அதான் நாந்தான்னு சொல்லிப் பாத்தேன். நீ என்னைய நாலு திட்டு திட்டிட்டு விட்டுருவேன்னு."

"என்னைய ரெண்டு பேருமா சேந்து ஏமாத்துதீங்கண்ணே."

"நான் உன்னைய..."

"ரெண்டு பேரும்" என்றாள் ஜெஸி. டேப்லெட்டைத் தன் பையில் வைத்துக்கொண்டு எழுந்தாள். வண்டியில் கொண்டுபோய் விடுகிறேன் என்று வாசல் வரை ஓடி வந்தான். அவள் டவுன் பஸ்ஸில் ஏறிக்கொண்டாள். சீசன் நெரிசலில் அது ஊர்ந்துதான் போனது.

*

மேலகரத்தில் அவர்கள் வீடு. ஹாலில் டிவிக்கு மேலே வாக்குத்தத்த அட்டை கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்தது. அதற்குக் கீழே மேஜையில் விரித்த போர்வைமேல் ரத்தினம் ஞாயிற்றுக்கிழமைப் புடவையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"வந்துட்டியாட்டி? நனைஞ்சா வந்த? போலீஸ்ல என்ன சொன்னாங்க? யாராம்?"

ஜெஸி பையைக் கழற்றாமல் எதிரே நாற்காலியில் உட்கார்ந்தாள். இரண்டு வருடமாக மாலைதோறும் அம்மா முதலில் கேட்கும் கேள்வியை ஜெர்மனில் கேட்டாள்.

"தயவுசெய்து உங்களை அறிமுகப்படுத்திக்கொள்ளுங்கள்."

ரத்தினத்தின் கை நின்றது. இஸ்திரிப் பெட்டி புடவைமேலேயே இருந்தது. ஜெஸிதான் எழுந்து அதை நிமிர்த்தி வைத்து சுவிட்சை அணைத்தாள்.

வெளியே ஒரு ஆட்டோ போனது. ரத்தினம் புடவையின் ஓரத்தை நீவினாள்.

"தப்பில்லாம இருந்துச்சா?" என்று கேட்டாள்.

"வயசு தப்பு. அது கிளாஸ்ல சேந்தப்ப எழுதினது. எனக்கு இப்ப இருபத்தேழு."

"ஆமா. மாத்த மறந்துட்டேன்."

"எம்மா."

"நான் எதையும் மறைக்கல ஜெஸி. நீ கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

"நான் எப்படிம்மா கேப்பேன்? ஒன்ட்ட போயி கேக்கணும்னு எனக்கு எப்படித் தோணும்?"

ரத்தினம் உட்கார்ந்தாள். வகுப்பில் பிள்ளைகள் முன்னால் உட்காருவதுபோல முதுகை நிமிர்த்தித்தான் உட்கார்ந்தாள்.

"அன்னைக்கு லாட்ஜ்ல சும்மா உக்காந்திருந்தேன். ஆர்டர் வந்துட்டான்னு பாக்கத்தான் தொறந்தேன், சத்தியமா. வந்திருந்தா ஒனக்கு முன்னால தெரிஞ்சுக்கிட்டு, கேசரி கிண்டி வச்சு ஒன்னைய அதிசயப்படுத்தலாம்னு. வசனத்தப் போட்டேன், தொறந்துச்சு. ஆர்டர் அப்பத்தான் வந்திருந்துச்சு."

"வந்திருந்துச்சா?" ஜெஸி எழுந்துவிட்டாள். "ஆர்டரே வந்திருந்துச்சா?"

"அக்டோபர் ஒண்ணாந்தேதின்னு போட்டிருந்துச்சு. சம்மதமான்னு பதில் போடச் சொல்லியிருந்தாங்க."

"அத என்ன பண்ணின?"

"பதில் போட்டேன். அப்புறம் ரெண்டையும் அழிச்சேன்."

ஜெஸி மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தாள். அவள் குரல் மிகச் சின்னதாக இருந்தது.

"செவ்வாய்க்கிழமை ஒன் மடியிலதான் கிடந்து அழுதேன். 'ஆண்டவர் வேற வழி வச்சிருப்பாரு'ன்னு என் தலையத் தடவின. அந்தக் கையாலதான் அழிச்சிருக்க."

"திட்டு. எவ்வளவு வேணும்னாலும் திட்டு."

"ஏம்மா படிக்க வச்ச? வேண்டாம்னு அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லா. நான் அழுதுட்டு விட்டிருப்பேன். ராத்திரி டூட்டி முடிச்சிட்டு வந்து கண்ணெரிச்சலோட உக்காந்தேனே, கார்டு கார்டா நீட்டுனியே."

"நீ பாஸ் பண்ணணும்னு ஜெபம் பண்ணினேன். பொய் இல்ல. போவணும்னு பண்ணல." ரத்தினம் தன் கைகளைப் பார்த்துப் பேசினாள். "சாயங்காலம் ஆனா நீ வருவ. காபியக் குடிச்சிட்டு உக்காருவோம். நான் கேப்பேன், நீ சொல்லுவ. ரிட்டயர் ஆனதுக்கு அப்புறம் எனக்கு இருந்தது அந்த ஒரு மணி நேரந்தான். அது இப்படியே போயிட்டே இருக்கும்னு நெனச்சுட்டேன். அதுக்கு ஒரு முடிவு இருக்குன்னு அந்த ஆர்டரப் பாத்தப்பதான் ஒறைச்சுச்சு."

"இத அப்படியே என்ட்ட சொல்லியிருக்கலாம்."

"சொன்னா நீ போவாம இருந்திருப்பியா?"

ஜெஸி போனைப் பார்த்தாள். மணி ஐந்தே முக்கால் ஆகியிருந்தது. அவள் தன் அறைக்குள் போய்க் கட்டிலில் உட்கார்ந்து, காலையில் அனுசியா சொன்னபடி மெயிலின் பாதுகாப்புப் பக்கத்தைத் திறந்தாள். பெத்தேல் ரிசப்ஷன் என்ற பெயரைக் காலையிலேயே அனுசியா படம் எடுத்து வைத்திருந்தார். இப்போது அதை வெளியேற்றினாள். அடுத்தது மீட்பு எண், அம்மாவுடையது. அதை மாற்ற வேண்டுமானால் அந்த எண்ணுக்கு ஒரு கோடு அனுப்புவோம் என்றது திரை.

ஹாலில் ரத்தினத்தின் போன் மணியடித்தது.

சற்றுப் பொறுத்து அவள் அறை வாசலில் வந்து நின்றாள். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, போனைத் தள்ளிப் பிடித்திருந்தாள்.

"ஏதோ நம்பர் வந்திருக்கு. யார்ட்டயும் சொல்லாதீங்கன்னு போட்டிருக்கு."

"எனக்குத்தான். சொல்லு."

ரத்தினம் படித்தாள். டிக்டேஷன் கொடுப்பதுபோல ஒவ்வொரு எண்ணையும் இரண்டு முறை, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். ஜெஸி அடித்தாள்.

"எதுக்குட்டி இது?"

"ஒன் நம்பர எடுக்கேன்."

ரத்தினம் போனை இறக்கினாள். போகாமல் அங்கேயே நின்றாள்.

"புகார வாபஸ் வாங்கிருவல்லா?"

"போலீஸ் சீட்ட இன்னைக்கு ஆறரைக்குள்ள அவங்களுக்கு அனுப்பணும். அனுப்பினாத்தான் அந்த வேலை."

"அனுப்பு. அனுப்பிட்டு நாளைக்கு வாபஸ் வாங்கிரு. அவங்களுக்கு என்ன தெரியவா போவுது?"

"வாபஸ் வாங்கினா அந்தச் சீட்டு பொய்." ஜெஸி தலையை நிமிர்த்தவில்லை. "என் பேர்ல அவங்களுக்கு ஒரு பொய் போயிருக்கு. இன்னொண்ணு நான் அனுப்ப மாட்டேன்."

"என்னால ஸ்டேஷனுக்கு வர முடியாது ஜெஸி. என்ட்ட ஒண்ணாங்கிளாஸ் படிச்ச பிள்ளைங்க அங்கன வேலை பாக்கும். டீச்சர்னு எந்திரிச்சு நிக்கும். அதுங்க முன்னால என்னைய எப்படி உக்கார வைப்ப?"

ஜெஸி ஒப்புகைச் சீட்டைக் கட்டில்மேல் விரித்துப் படமெடுத்தாள். கெல்லர் அம்மாளுக்கு நான்கு வரி எழுதினாள். விலகல் கடிதம் தன்னுடையது அல்ல என்றும், தனக்குச் சம்மதம் என்றும், அக்டோபர் முதல் தேதி வருவதாகவும். வரிகளைச் சரிபார்க்க எதிரே யாரையும் உட்கார வைக்காமல் அவள் ஜெர்மனில் அனுப்பிய முதல் கடிதம் அது.

அனுப்பியபோது மணி ஆறு இருபது.

ரத்தினம் வாசலிலிருந்து நகர்ந்துவிட்டாள். ஹாலில் இஸ்திரிப் பெட்டியின் சுவிட்சைப் போடும் சத்தம் கேட்டது.

போன் வந்தது. அனுசியா.

"என்னம்மா, எல்லாம் மாத்தியாச்சா? அம்மா நம்பர எடுத்தாச்சா?"

"எடுத்தாச்சு மேடம்."

"நல்லது. டேப்லெட்?"

"என்ட்டதான் இருக்கு."

"அன்னைக்கு யாரு கையில இருந்துச்சுன்னு கேட்டீங்களா? தெரிஞ்சுதா?"

ஹாலில் எந்தச் சத்தமும் இல்லை. புடவையில் தண்ணீர் தெளிக்கும் சத்தம்கூட நின்றிருந்தது.

"தெரிஞ்சுது மேடம்."

"யாரு? உங்க அண்ணனா?"

"அண்ணன் இல்ல. நாளைக்குக் கூட்டிட்டு வாரேன்."

ஆறு இருபத்தெட்டுக்கு ஜெர்மனியிலிருந்து பதில் வந்தது. விலகல் கடிதம் ரத்து செய்யப்பட்டது. பணி ஆணை திங்கட்கிழமை மறுபடி அனுப்பப்படும்.

புகார் திரும்பப் பெறப்படவில்லை. சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மூன்று பேர் நிலையத்துக்கு வர வேண்டும் என்று அனுசியா குறித்துக்கொண்டார்: புகார்தாரர், லாட்ஜ் உரிமையாளர், டேப்லெட்டைப் பயன்படுத்தியவர்.